சமமில்லாத சரிவில் சமமான பந்தயம்

ஆல்பைன் பனிச்சறுக்கு உலக சாம்பியன்ஷிப், 1985 முதல் பொதுவாக ஒற்றைப்படை ஆண்டுகளில், ஏதேனும் ஒரு மலையூரில் நடந்துவருகிறது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ். இதை நடத்துகிறது. 2025ஆம் ஆண்டுப் போட்டி ஆஸ்திரியாவின் ஸால்ஸ்புர்க் மாநிலத்தில் உள்ள ஸால்பாக்-ஹின்டர்கிளெம் என்ற ஊரில் பிப்ரவரி 4 முதல் 16 வரை நடந்தது. ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் ஊர் அது. குளிர்காலம் வந்தால் உள்ளூர்க்காரர்களைவிடச் சுற்றுலாப் பயணிகளே அதிகம். அந்த இரு வாரங்களும் ஐரோப்பிய விளையாட்டு ரசிகர்களின் கண்கள் அந்தப் பள்ளத்தாக்கின் மேல்தான் இருந்தன.

பனிச்சறுக்கில் இரண்டு பெரும் மரபுகள் உண்டு. நார்வே, ஸ்வீடன் பகுதிகளில் தோன்றிய நார்டிக் மரபில் காலணியின் குதிகால் பலகையோடு பிணைக்கப்படுவதில்லை. சமவெளியில் நடக்கவும் ஓடவும் மேடு ஏறவும் ஏற்ற முறை அது. ஆல்ப்ஸ் மலைகளில் வளர்ந்த ஆல்பைன் மரபில் குதிகாலும் பலகையோடு இறுகப் பூட்டப்படுகிறது. இந்தப் பலகையை வைத்துக்கொண்டு மேலே ஏறுவது பெரும்பாடு, இறங்குவதற்கென்றே அமைந்தது. மேலே கொண்டுபோய்ச் சேர்க்க லிஃப்ட் இருக்கிறது. ஆகவே ஆல்பைன் பந்தயம் என்றால் மேலிருந்து கீழே, நடப்பட்ட வாயில்கள் ஒன்றையும் தவறவிடாமல், குறைந்த நேரத்தில் வந்து சேர்வது. அவ்வளவுதான் விதி. மிச்சமெல்லாம் அந்த ஒற்றை விதியை எல்லோருக்கும் சமமாகப் பொருத்தப் பார்க்கும் நூறாண்டுக்கால முயற்சி.

அந்த முயற்சியின் தொடக்கத்தில் நிற்பவர் சென்னையில் பிறந்த ஓர் ஆங்கிலேயர். ஆர்னல்ட் லன் 1888 ஏப்ரல் 18 அன்று அன்றைய மெட்ராஸில் பிறந்தார். தந்தை ஹென்றி லன் அப்போது அங்கே மெதடிஸ்ட் மிஷனரி. குடும்பம் விரைவிலேயே இங்கிலாந்து திரும்பியது. தந்தை பின்னாளில் பயண நிறுவனம் தொடங்கி, ஆங்கிலேயர்களைக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் செல்லும் தொழிலில் இறங்கினார். மகனுக்குப் பனிமலை வாய்த்தது அப்படித்தான். 1911 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் லன் ஒரு பந்தயத்துக்கு ஏற்பாடு செய்தார். போட்டியாளர்கள் மலையேறி, ஒரு குடிசையில் இரவு தங்கி, காலையில் பிளேன் மோர்ட் பனியாற்றின் மேலிருந்து எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, வழியென்று ஒன்று இல்லாத மலைச்சரிவில் ஊரை நோக்கி இறங்கினார்கள். முதலில் வந்தவருக்கு ராபர்ட்ஸ் பிரபு பெயரில் ஒரு கோப்பை. இரண்டாம் ஆப்கன் போரில் கந்தகார் வெற்றிக்காக அறியப்பட்டவர் அவர். பட்டத்திலேயே கந்தகார் இருந்தது. அதனால்தான் ஆல்ப்ஸ் மலைகளில் இன்றும் சில பந்தயங்களும் பாதைகளும் ஓர் ஆப்கன் நகரத்தின் பெயரைச் சுமக்கின்றன.

லன் செய்த பெரிய காரியம் 1922இல் முர்ரன் என்ற சுவிஸ் மலைக்கிராமத்தில் நடந்தது. அதுவரை வளைந்து நெளிந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தில் அழகுக்கு மதிப்பெண் உண்டு. திருப்பம் நேர்த்தியாக இருந்ததா, உடம்பு குலையாமல் நின்றதா என்று நடுவர்கள் பார்த்துச் சொல்வார்கள். லன் அதை நீக்கினார். கொடிக்கம்புகளை இணை இணையாக நட்டு வாயில்கள் ஆக்கி, அவற்றின் வழியே யார் விரைவாக வருகிறாரோ அவருக்கே வெற்றி என்றார். நடுவரின் ரசனையிலிருந்து கடிகாரத்தின் கைக்குத் தீர்ப்பு மாறியது. இன்றைய ஆல்பைன் விளையாட்டு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

எஃப்.ஐ.எஸ். 1924இல் பிரான்ஸின் ஷாமொனியில் தொடங்கப்பட்டது. அதில் செல்வாக்கு ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கு. வெறுமனே இறங்குவதையெல்லாம் பனிச்சறுக்கு என்று ஏற்க அவர்களுக்கு மனமில்லை. 1930இல் ஓஸ்லோ மாநாட்டில்தான் ஆல்பைன் பந்தயங்கள் அங்கீகாரம் பெற்றன. அடுத்த ஆண்டே, 1931 பிப்ரவரி 19 முதல் 23 வரை, முர்ரனில் முதல் உலகப் போட்டி நடந்தது. ஆண்களுக்கு நடந்ததுபோலவே பெண்களுக்கும் பந்தயங்கள் நடந்தன என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். எத்தனையோ விளையாட்டுகளில் பெண்கள் பல பத்தாண்டுகள் வாசலில் காத்திருந்தார்கள். இங்கே முதல் நாளிலிருந்தே களத்தில் இருந்தார்கள். பெண்களின் இரண்டு பந்தயங்களையும் வென்றவர் பதினேழு வயது எஸ்மே மக்கின்னன் என்ற பிரிட்டிஷ் பெண். ஆண்களில் சுவிட்சர்லாந்தின் வால்டர் பிராகரும் டேவிட் ஸோகும் ஆளுக்கொன்று வென்றார்கள்.

அதன்பின் 1939 வரை ஆண்டுதோறும் போட்டி நடந்தது. அந்தக் காலத்தின் தலைசிறந்த வீராங்கனை ஜெர்மனியின் கிறிஸ்டல் கிரான்ஸ்; 12 தங்கம் உட்பட 15 பதக்கங்கள் வென்றவர். போருக்குப் பின் 1950இல் அமெரிக்காவின் ஆஸ்பெனில் போட்டி மீண்டும் சூடுபிடித்தது. 1966இல் சிலியின் போர்ட்டிலோவில், அங்கே குளிர்காலமான ஆகஸ்டில் நடந்தது. தென்கோளத்தில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது அந்த ஒருமுறைதான். அந்த மலைவிடுதியில் கூடியவர்களின் பேச்சில்தான், பருவம் முழுவதும் ஊர் ஊராக நடந்து புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் உலகக் கோப்பைத் தொடர் உருவெடுத்தது. 1967 ஜனவரியில் அது தொடங்கியது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. உலகக் கோப்பை ஒரு குளிர்காலம் முழுதும் யார் நிலையாக நின்றார் என்று பார்க்கிறது. உலக சாம்பியன்ஷிப் குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு மலையில் யார் முந்தினார் என்று மட்டும் கேட்கிறது. முந்தைய வெற்றிகள் எதுவும் அந்தக் கணக்கில் சேராது.

பந்தய வகைகள் வேகத்துக்கும் திருப்பத்துக்கும் இடையே வரிசையாக அமைந்தவை. டவுன்ஹில் வேகத்தின் உச்சம். ஆண்கள் பந்தயத்தில் தொடக்க இடத்துக்கும் முடிவிடத்துக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 800 முதல் 1,100 மீட்டர். வாயில்கள் குறைவு, தாவல்கள் பெரியவை, வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி 130, 140 என்று போகும். 2013இல் சுவிட்சர்லாந்தின் வெங்கெனில் பிரான்ஸ் வீரர் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகம் தொட்டார். ஆண்களின் டவுன்ஹில் பலகை 218 சென்டிமீட்டர் நீளம், ஆளைவிட உயரம். எதிர்முனையில் ஸ்லாலம். பலகை 165 சென்டிமீட்டர்தான். கம்பங்கள் நெருக்கமாக நிற்கும், ஒரு சுற்றுக்கே அறுபதைத் தாண்டுவதுண்டு. வீரர் கம்பத்தைச் சுற்றிப் போவதில்லை. கணைக்காலிலும் கையிலும் கட்டிய காப்புகளால் அதை அடித்துச் சாய்த்துவிட்டு, கால்கள் மட்டும் சரியான பக்கம் போகும்படி இறங்குவார். கம்பத்தின் அடியில் விசை இருப்பதால் அது மறுபடி நிமிர்ந்துகொள்ளும். இவை இரண்டுக்கும் நடுவில் ஜயன்ட் ஸ்லாலமும் சூப்பர்-ஜியும் வருகின்றன. முன்னது 1950இல் ஆஸ்பெனிலும் பின்னது 1987இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவிலும் உலக சாம்பியன்ஷிப்பில் நுழைந்தன.

இந்த வகைகளில் ஒவ்வொருவரும் தனியாகவே இறங்குகிறார். பக்கத்தில் போட்டியாளர் கிடையாது, எதிராளி கடிகாரம்தான். தொடக்கக் குடிலில் கணைக்கால் உயரத்தில் ஒரு சிறு கோல் குறுக்கே நிற்கும். வீரரின் கால் அதைத் தள்ளியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். கீழே ஒளிக்கற்றையை அவர் கடந்ததும் நிற்கும். நொடியில் நூறில் ஒரு பங்குவரை கணக்கு. தமிழ் இலக்கணம் எழுத்தின் ஒலியளவைக் கண்ணிமைப் பொழுதால் அளந்து மாத்திரை என்றது. இங்கே கண்ணிமைப் பொழுதென்பதே மிக நீண்ட நேரம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நூறில் ஒரு நொடிக்குள் கடக்கும் தூரம் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்கும் குறைவு. அந்தப் பங்கும் சமமானால் பதக்கத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான். ஸால்பாக்கில் பெண்கள் சூப்பர்-ஜியில் நார்வேயின் கைசா விக்ஹாஃப் லீயும் அமெரிக்காவின் லாரன் மகுகாவும் அப்படித்தான் வெண்கலத்தைப் பகிர்ந்தார்கள்.

இவ்வளவு நுட்பமாக அளக்கும் விளையாட்டில் மாபெரும் சிக்கல், களமே நிலையாக இருப்பதில்லை என்பது. நீச்சல் குளத்தில் எட்டுப் பேருக்கும் ஒரே நீர். ஓட்டப்பாதையில் எல்லோருக்கும் ஒரே தரை. பனிச்சரிவில் முதலில் இறங்குபவருக்குப் பளிங்குத்தரை. முப்பதாவது ஆளுக்கு உழுத வயல். ஒவ்வொருவரின் பலகை விளிம்பும் ஒவ்வொரு திருப்பத்திலும் பனியைச் செதுக்கி எடுக்கிறது. அடுத்தவர் அதே தடத்தில் விழுந்து அதை இன்னும் ஆழமாக்குகிறார். நடுவில் வெயில் வரும், மேகம் மூடும், காற்று திசை மாறும். யார் மீதும் குற்றமில்லாமலே பந்தயம் அநியாயமாகிவிடக் கூடும்.

இதற்கு முதல் மருந்து, பனியைப் பனியாக விடாமல் இருப்பது. சுற்றுலாப் பயணி விரும்பும் பஞ்சுப் பனி பந்தயக்காரருக்கு ஆகாது. பத்துப் பேரிலேயே அது குழிந்துவிடும். எனவே பந்தயப் பாதையைத் தயாரிப்பவர்கள், வரிசையாகத் துளைக்குழாய்கள் பொருத்திய நீண்ட தண்டைச் சரிவின்மேல் அழுத்தி, அழுத்தத்தோடு தண்ணீரைப் பனிக்குள் செலுத்துகிறார்கள். இரவுக் குளிரில் அது உறைந்து, அடிவரை ஐஸ் பாளமாகிறது. சாதாரண ஆள் அதன்மேல் நிற்கவே முடியாது. வெயிலேறிப் பனி ஈரமாகிவிட்டால் உப்பைத் தூவுவார்கள். ஐஸ் வண்டிக்காரர் ஐஸ்கட்டியோடு உப்புப் போடுகிற அதே சூத்திரம்தான்: உப்பு பட்ட பனி உருகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது, மீதி இறுகுகிறது. பந்தயத்தின் இடையிடையே பணியாளர்கள் குழுவாகப் பக்கவாட்டில் சறுக்கி வந்து, உதிர்ந்த பனித்தூளை ஒதுக்கித் தடத்தைச் சீர் செய்கிறார்கள். பாதையின் ஓரங்களிலும் தாவல்களின் விளிம்பிலும் தெரியும் நீலக்கோடு சாயம். வெள்ளை மேல் வெள்ளையாய் மேடுபள்ளம் தெரியாத நேரத்தில் கண்ணுக்குப் பிடிமானம் அதுதான். ஒரு தங்கப் பதக்கத்துக்குப் பின்னால் இப்படி இரவெல்லாம் குளிரில் நின்றவர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

இரண்டாவது மருந்து, வரிசை. ஸ்லாலமும் ஜயன்ட் ஸ்லாலமும் இரண்டு சுற்றுகள். முதல் சுற்றில் உலகத் தரவரிசையில் உயர்ந்தவர்கள் நல்ல பனியில் முன்னே இறங்குகிறார்கள். இரண்டாம் சுற்றில் வரிசை தலைகீழாகிறது: முதல் சுற்றின் முப்பதாவது ஆள் முதலில் இறங்க, முன்னணியில் இருப்பவர் முப்பதாவதாக, எல்லோரும் செதுக்கிப்போட்ட சரிவில் இறங்க வேண்டும். இரண்டு நேரங்களையும் கூட்டிப் பார்த்தே வெற்றி. முதலில் அனுபவித்த சலுகைக்குப் பின்னால் விலை கொடுக்க வைக்கும் ஏற்பாடு இது. பார்வையாளருக்குக் கடைசி நொடிவரை பதற்றத்தையும் தருகிறது. 2023இல் பிரான்ஸின் மெரிபெலில் பெண்கள் ஸ்லாலத்தில் முதல் சுற்றில் முன்னிலை பெற்றிருந்த அமெரிக்காவின் மிகேலா ஷிஃப்ரின், கடைசியில் கனடாவின் லாரன்ஸ் சான்-ஜெர்மைனிடம் 0.57 நொடியில் தங்கத்தை இழந்தார்.

மூன்றாவது, யாருக்கும் முன்கூட்டிய பழக்கம் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது. ஸ்லாலம் பாதையில் பந்தயத்துக்கு முன் இறங்கிப் பழக அனுமதியில்லை. கம்பங்கள் நட்டபின் வீரர்கள் ஓரமாக மெல்லச் சறுக்கிக்கொண்டே பார்த்து, ஒவ்வொரு வாயிலையும் மனத்தில் பதிய வைக்கிறார்கள். கண்ணை மூடி, கையை இப்படியும் அப்படியும் வளைத்து, மனத்துக்குள்ளேயே முழுப் பாதையையும் ஓட்டிப் பார்க்கும் வீரர்களைத் தொடக்க இடத்தில் காணலாம். டவுன்ஹிலில் மட்டும் ஒத்திகை கட்டாயம். அந்த வேகத்தில் தெரியாத தாவலுக்குள் ஒருவரை அனுப்புவது கொலைக்கு ஒப்பாகும்.

ஆபத்து வெறும் பேச்சல்ல. ஸால்பாக் இதற்கு முன் 1991இலும் இதே போட்டியை நடத்தியது. அப்போது சூப்பர்-ஜி தங்கம் வென்றவர் அதே ஸால்ஸ்புர்க் மாநிலத்து உல்ரிகே மயர். 1989இலும் அந்தப் பட்டம் அவருடையதே. 1994 ஜனவரி 29 அன்று ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் டவுன்ஹில் பந்தயத்தில் விழுந்து அவர் உயிரிழந்தார். இன்று ஆபத்தான வளைவுகளில் அடுக்கடுக்காக வலைகள் நிற்கின்றன. 2024-25 பருவம் முதல் டவுன்ஹில், சூப்பர்-ஜி வீரர்கள் உடைக்குள் காற்றுப்பை அணிவது கட்டாயம். சமநிலை தவறியதை உணர்ந்ததும் அது நொடிப்பொழுதில் ஊதிக்கொள்ளும். இருந்தும், இந்த வேகத்தில் மெல்லிய உடையோடு விழுவதை எந்தக் கருவியும் முழுதாகக் காக்க முடியாது.

2025 ஸால்பாக் போட்டியில் எல்லாப் பந்தயங்களும் ஸ்வோல்ஃபர்கோகல் என்ற ஒரே மலையில் நடந்து, ஒரே அரங்கில் முடிந்தன. பல போட்டிகளில் ஆண்கள் ஒரு மலை, பெண்கள் இன்னொரு மலை என்று பிரிந்துபோகும். இங்கே கூட்டம் பிரியவில்லை. ஆஸ்திரியர்களுக்குப் பனிச்சறுக்கு தேசிய விளையாட்டு போன்றது. ஆண்கள் டவுன்ஹில்லில் தங்கள் வீரர் வின்சென்ட் கிரீஷ்மயர் வெல்வாரென்று காத்திருந்த அந்தக் கூட்டத்தின் முன்னால், சுவிட்சர்லாந்தின் 23 வயது ஃபிரான்யோ ஃபொன் ஆல்மென் 0.24 நொடி முந்தித் தங்கம் பெற்றார். ஒரு நிமிடம் 40 நொடிக்குச் சற்று மேற்பட்ட ஓட்டத்தில் அந்த வித்தியாசம். தச்சுத்தொழில் படித்தவர் அவர். பயிற்சிச் செலவு ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத இந்த விளையாட்டில் அவர் வந்து சேர்ந்த உயரம் மகிழ்ச்சி தருவது.

ஆண்கள் சூப்பர்-ஜியில் சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் சரியாக ஒரு நொடி வித்தியாசத்தில் வென்றார். நூறில் பங்குகளால் பிரியும் உலகில் ஒரு முழு நொடி என்பது எட்டாத தூரம். அதில் இரண்டாம் இடம் பெற்ற ஆஸ்திரியாவின் ரஃபேல் ஹாசர் ஒரு வாரம் கழித்து ஜயன்ட் ஸ்லாலத்தில் தங்கம் வென்று சொந்த மண்ணின் மனத்தைக் குளிர்வித்தார். பெண்கள் ஜயன்ட் ஸ்லாலத்தில் இத்தாலியின் ஃபெடரிக்கா பிரிஞோனே 34 வயதில் வென்றார். வெள்ளி வென்றவர் நியூசிலாந்தின் அலிஸ் ராபின்சன். ஸ்லாலத்தில் பெண்களில் கமீல் ராஸ்ட், ஆண்களில் லோயிக் மெயார் என இரண்டு தங்கமும் சுவிட்சர்லாந்துக்கே. ஐந்து தங்கம் உட்பட 13 பதக்கங்களோடு அந்த நாடு திரும்பியது.

ஸால்பாக்கில் முதன்முறையாகச் சேர்ந்த பந்தயம் இருவர் கூட்டுப்போட்டி. ஒருவர் டவுன்ஹில் இறங்குவார், அதே நாட்டின் இன்னொருவர் ஸ்லாலம் இறங்குவார், நேரங்கள் கூட்டப்படும். பெண்களில் தங்கம் வென்ற ஜோடி பிரீசி ஜான்சனும் ஷிஃப்ரினும். மூன்று நாள் முன்னர்தான் ஜான்சன் டவுன்ஹில் தங்கம் வென்றிருந்தார். ஷிஃப்ரினின் கதை வேறு. 2024 நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் கில்லிங்டனில் விழுந்தபோது அவருடைய வயிற்றில் ஆழமான துளைக்காயம் ஏற்பட்டது. இரண்டு மாதம் கழித்தே பந்தயத்துக்குத் திரும்பினார். அந்த விபத்து மனத்தில் விட்டுச்சென்ற அச்சத்தை மறைக்காமல் சொல்லி, ஸால்பாக்கில் ஜயன்ட் ஸ்லாலத்திலிருந்து விலகிக்கொண்டார். அப்படிச் சொல்வதற்கும் துணிவு வேண்டும். கூட்டுப்போட்டித் தங்கத்தோடு அவருடைய உலக சாம்பியன்ஷிப் பதக்கங்கள் 15 ஆகி, கிறிஸ்டல் கிரான்ஸின் பழைய எண்ணிக்கையைத் தொட்டன.

நாடுகளுக்கிடையே சமத்துவம் பேணவும் விதி உண்டு. ஒரு பந்தயத்தில் ஒரு நாட்டுக்கு நான்கு இடம்தான். நடப்புச் சாம்பியன் இருந்தால் அவருக்குத் தனி இடம். இதனால் உலகின் முதல் பத்துப் பேருக்குள் இருக்கும் சுவிஸ் வீரர் வீட்டிலிருந்து தொலைக்காட்சி பார்க்க நேரலாம். பனிமலை வசதி குறைந்த நாட்டுக்காரர் களத்தில் நிற்கலாம். ஸ்லாலத்துக்கும் ஜயன்ட் ஸ்லாலத்துக்கும் தகுதிச்சுற்று வைத்து அத்தகையவர்களுக்கு வழி திறக்கிறார்கள். காஷ்மீரின் குல்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான் அந்தக் கதவு வழியே உலக சாம்பியன்ஷிப்புகளில் பங்கேற்றவர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக நின்று, ஜயன்ட் ஸ்லாலத்தில் 45ஆம் இடம் பெற்றார்.

விதிகளால் சீராக்க முடியாத ஒன்று வானிலை. ஸ்பெயினின் சியெரா நெவாடாவில் 1995இல் நடக்க வேண்டிய சாம்பியன்ஷிப், பனியே விழாமல் ஓராண்டு தள்ளிப்போய் 1996இல் நடந்தது. இப்போது எந்த ஊரும் வானத்தை நம்பி மட்டும் இருப்பதில்லை. நீர்த்துளிகளையும் அழுத்தக் காற்றையும் பீய்ச்சியடிக்கும் இயந்திரங்கள் பருவத் தொடக்கத்திலேயே சரிவை மூடிவிடுகின்றன. பந்தயத்துக்கு உண்மையில் அந்தச் செயற்கைப் பனியே நல்லது. அடர்த்தி அதிகம், சீக்கிரம் குழியாது. ஆனால் அதற்கும் காற்று பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தாக வேண்டும், தண்ணீரும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். குளிர் நாட்கள் குறைந்துவரும் தாழ்ந்த மலைகளுக்கு இது ஆண்டுக்கு ஆண்டு இறுகும் பிரச்சினை. பலகையின் அடியில் பூசும் மெழுகிலும் மாற்றம் வந்திருக்கிறது. ஃபுளோரின் கலந்த மெழுகு பலகையை வழுக்கி ஓடச் செய்தது. ஆனால் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடும். 2023-24 பருவம் முதல் எஃப்.ஐ.எஸ். அதைத் தடை செய்துவிட்டது. மெழுகுக்காகப் பெரிய செலவு செய்ய முடிந்த அணிகளுக்கு இருந்த சாதகமும் அதோடு குறைந்தது.

அடுத்த சாம்பியன்ஷிப் 2027இல் கிரான்ஸ்-மொன்டானாவில் நடக்கிறது. லன் தம் கந்தகார் கோப்பைப் பந்தயத்தை நடத்திய அதே மலை. 2029இல் நார்வேயின் நார்விக் அதை ஏற்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, கடல்நீர் உள்ளே புகுந்த ஃபியோர்டு ஒன்றின் கரையில் இருக்கிறது அந்தத் துறைமுக நகரம். அங்கே சரிவின் உச்சியில் நிற்பவருக்குக் கீழே கடல் தெரியும்.